குன்றின் மேல் குதிரைச் சத்தம்

(காட்சி: வடக்கு டெல்லி ரிட்ஜ் சாலை, மாலை வெளிச்சம்)

வணக்கம். கரோல்பாக்கில் நான் சிறுவனாக இருந்தபோது பக்கத்து வீட்டு மாமி மிரட்டுவார்: "இருட்டிய பிறகு ரிட்ஜ் பக்கம் போகாதே, வெள்ளைக்காரன் குதிரையில் வருவான்." ரிட்ஜ் என்பது வடக்கு டெல்லியில் இருக்கும் பாறைக் குன்று. அந்தக் குதிரைக்காரனுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

(காட்சி: இந்து ராவ் மருத்துவமனை வாசல்)

சீட்டு வாங்க வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, இந்த மருத்துவமனையின் பெயர் இங்கிருந்த ஒரு மாளிகையின் பெயர். கட்டியவர் வில்லியம் பிரேசர், டெல்லியில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் பெரிய அதிகாரி. மாமி சொன்ன குதிரைக்காரன் இவர்தான். 1835 மார்ச் 22 அன்று மாலை, குதிரையில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏவியவர் நவாப் ஷம்சுதீன் கான். காரணம் சொத்துத் தகராறு. அக்டோபரில் நவாபையும் தூக்கிலிட்டார்கள். பிறகு வீட்டை வாங்கியவர்தான் இந்து ராவ், குவாலியர் அரசி பைசா பாயின் சகோதரர். அவரும் 1855-இல் போய்ச் சேர்ந்தார்.

இரண்டே ஆண்டில் போர் வந்தது.

(காட்சி: ரிட்ஜ், நகரச் சுவரைக் காட்டும் பழைய வரைபடம்)

1857 ஜூன் 8. நகரம் சிப்பாய்கள் கையில். இந்தக் குன்று ஆங்கிலேயர் கையில். குன்றின் தென்கோடியில், நகரச் சுவரைப் பார்த்தபடி நின்றது இந்த வீடு. ஆகவே பீரங்கிக் குண்டுகள் முதலில் தேடி வந்ததும் இதைத்தான். காவல் காத்தது மேஜர் ரீடின் சிர்மூர் கூர்க்காப் படை. வெயிலும் காலராவும் ஒரு பக்கம், நாள் தவறாத தாக்குதல் மறுபக்கம். சுமார் 490 பேரில் 327 பேர் செத்தார்கள், அல்லது காயம்பட்டார்கள். சுவருக்கு அந்தப்புறம் செத்த சிப்பாய்களுக்கோ இப்படி ஒரு கணக்கும் இல்லை.

ஆனால் மாமியின் கதையில் வந்தவன் வெள்ளைக்காரன் மட்டும்தான். ஒரு கூர்க்காவோ சிப்பாயோ யார் கண்ணிலும் படவில்லை. பேயாக வருவதற்கும் பதவி வேண்டும்போல!

(காட்சி: மருத்துவமனை வளாகம், கற்கட்டடம்)

வளாகத்துக்குள்ளேயே பீர் காயிப் இருக்கிறது, 'மறைந்த மகான்' என்று பொருள். பிரோஸ் ஷா துக்ளக் 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய வேட்டை மாளிகையில் மிச்சம் இது. இங்கே தவமிருந்த ஒருவர் ஒருநாள் காணாமல் போனாராம். கூரையைத் துளைத்து நிற்கும் கல் உருளையைப் பாருங்கள்; நடுவே ஓட்டை. நட்சத்திரம் பார்க்க அமைத்தது என்று கருதுகிறவர்கள் உண்டு.

கீழே, சுவர் நிழலில், நோயாளியின் உறவினர்கள் இருவர் டிபன் கேரியரைத் திறக்கிறார்கள்.