தலையணையை எடுத்துவிடுங்கள்

வணக்கம் நேயர்களே. பிசியோதெரபி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கரண்ட் வைப்பது, ஒத்தடம் கொடுப்பது, அப்புறம் கொஞ்சம் தேய்த்துவிடுவது. என்னைக் கேட்டால் எங்கள் வேலையில் அதெல்லாம் சின்னப் பங்குதான். அடிபட்ட உடம்பு எந்த நிலையில் கிடக்கிறது, எவ்வளவு அசைகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

தீக்காயத்தில் இது பளிச்சென்று தெரியும். கழுத்தின் முன்பக்கம் வெந்துபோனவர் தலைக்குத் தலையணை கேட்பார், வீட்டாரும் பாவம் பார்த்து வைத்துவிடுவார்கள். முகவாய் நெஞ்சுப்பக்கம் இறங்கியதும் தோல் தளர்ந்து வலி குறையும், அவரும் அசந்து தூங்குவார். ஆனால் புண் ஆற ஆறத் தழும்பு சுருங்கிக்கொண்டே வரும். குனிந்த நிலையிலேயே ஆறினால் கழுத்து அப்படியே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு அண்ணாந்து பார்க்கவே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதனால்தான் நாங்கள் வந்ததும் முதல் வேலையாகத் தலையணையைப் பிடுங்குகிறோம். அக்குளில் காயம் என்றால் கை உடம்பை விட்டு 90 டிகிரி விலகி இருக்க வேண்டும், முழங்கை மடிப்பில் என்றால் கை நீட்டியபடி இருக்க வேண்டும். எது சுகமாக இருக்கிறதோ அந்த நிலையில்தான் பெரும்பாலும் மூட்டு முடங்குகிறது, என்ன செய்வது!

புண் மூடிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். தழும்பு அடங்க ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். தடித்து எழும்பும் தழும்புக்கு, அதை அழுத்திப் பிடிக்கும் இறுக்கமான உடையை ஒரு நாளில் 23 மணி நேரம்வரை போடச் சொல்வோம். வியர்வையும் அரிப்புமாக அது கொடுமைதான், மறுக்கவில்லை.

பக்கவாதத்தில் சிக்கல் வேறு மாதிரி. நல்ல கையே எல்லா வேலையையும் பார்த்துவிடுவதால், ஓரளவு அசையக்கூடிய பலவீனமான கைகூட சும்மா கிடந்து பழகிவிடும். அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் டாப் இதை மாற்ற ஒரு வழி கண்டார்: நல்ல கைக்கு உறை போட்டுவிட்டு, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் பலவீனமான கையையே பயன்படுத்த வைப்பது, இரண்டு வாரத்துக்கு, தினமும் பல மணி நேரப் பயிற்சியோடு. மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது விரிக்க முடிந்தவர்களுக்குத்தான் இது சரிப்படும், ஆகவே வீட்டில் நீங்களாக உறை மாட்டிவிடாதீர்கள். இன்னொன்று, பக்கவாதம் வந்தவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது அந்தப் பலவீனமான கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள்மூட்டைத் தாங்க வேண்டிய தசைகள் தளர்ந்திருக்கும், மூட்டு நழுவி வலி பிடித்துக்கொள்ளும்.

எலும்பு முறிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருந்தால், டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, விரல்களையும் தோளையும் முதல் நாளிலிருந்தே அசையுங்கள். கட்டுப் பிரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், உடையாத தோளும் சேர்ந்து இறுகிப்போகும். கட்டுக்குள் வலி தாங்க முடியாமல் ஏறினாலோ, விரல் மரத்து நிறம் மாறினாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

"பயிற்சி செய்தால் வலிக்கிறதே, விடலாமா?" என்பது கட்டுப் பிரித்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. செய்யும்போது கொஞ்சம் வலித்து, சற்று நேரத்தில் அடங்கினால் பெரும்பாலும் தொடரலாம். மறுநாள் காலையில் வீக்கமோ வலியோ கூடியிருந்தால் முந்தின நாள் அதிகமாகச் செய்துவிட்டீர்கள்; அளவைக் குறைத்துக்கொண்டு, அடுத்த முறை வரும்போது எங்களிடம் சொல்லுங்கள்.