மதிப்பெண் போடும் பேனா யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரி அணிக்கு ஆடியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். மேட்ச் நாளுக்கு ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கு) வாங்க உடற்கல்வி இயக்குநரிடம் ஒரு கையெழுத்து, துறைத் தலைவரிடம் ஒரு கையெழுத்து என்று அலைந்திருப்பீர்கள். இந்த இரண்டு கையெழுத்தில் எதற்கு மதிப்பு அதிகம்? அதைத்தான் பேசப் போகிறேன். அமெரிக்காவை வைத்துப் பேசுகிறேன். அங்கேதான் விளையாட்டு கல்லூரிக்குள் அவ்வளவு ஆழமாகப் புகுந்திருக்கிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1892-ல் வகுப்புகள் தொடங்கும்போதே முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், ஏமஸ் அலான்சோ ஸ்டாக் என்ற பயிற்சியாளரை அழைத்து வந்து பேராசிரியர் வரிசையிலேயே நிரந்தரப் பதவி கொடுத்தார். புதிய பல்கலைக்கழகம், பெயர் பரவ வேண்டும், அதற்குக் கால்பந்து. நாம் ஆடும் கால்பந்து இல்லை; முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. அந்தக் கணக்கு பலித்தது. 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத மிச்சிகனை 1905-ல் 2-0 என்று சாய்த்தார்கள். ஆண்டின் சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்குக் கொடுப்பதை இன்று ஹைஸ்மன் கோப்பை என்று கொண்டாடுகிறார்களே, அதை 1935-ல் முதன்முதலாக வாங்கிய ஜே பெர்வாங்கர் சிகாகோ மாணவர்தான்.

அடுத்த நான்கே வருடம். 1939-ல் மிச்சிகனிடம் 85-0, ஒஹாயோ ஸ்டேட்டிடம் 61-0, ஹார்வர்டிடமும் 61-0. எல்லாம் தோல்வி. அந்த டிசம்பரில் கால்பந்து அணியையே கலைத்துவிட்டார்கள்.

அப்போது தலைவராக இருந்தவர் ராபர்ட் ஹட்சின்ஸ். அவருக்கு விளையாட்டு பிடிக்காது, அதனால் மூடிவிட்டார் என்று பலர் சொல்வார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி 1931-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் இருக்கிறது. தேர்வு நடத்தவும் திருத்தவும் தனி அலுவலகம் வைத்தார்கள். வகுப்பெடுக்கும் ஆசிரியர் வேறு, மதிப்பெண் போடுபவர் வேறு. வெளித்தேர்வாளர் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். "பையன் சனிக்கிழமை ஆட வேண்டும், கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்று பயிற்சியாளர் யாரிடம் போய்ச் சொல்வார்? போட்டிப் பல்கலைக்கழகங்களில் உடற்கல்வியையே பட்டப்படிப்பாக எடுக்கலாம். சிகாகோவில் அந்த வழியும் இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள் வேறு ஊர் பார்த்துப் போனார்கள். தலைவர் எந்த மேடையில் என்ன பேசினார் என்பதை விட்டுவிடுங்கள், பேனா யார் கையில் இருந்தது என்று பாருங்கள்.

ஒரு கிளைக்கதை. பயிற்சியாளர் ஸ்டாக்கின் பெயரிலேயே இருந்த கால்பந்து மைதானம் காலியாகக் கிடந்ததல்லவா? அதன் மேற்குப் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே ஓர் உள்ளரங்க ஆடுகளம் இருந்தது. அங்கேதான் 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மி குழுவினர் கிராஃபைட் கட்டிகளை அடுக்கி, மனிதன் கட்டுப்படுத்திய முதல் அணுக்கருத் தொடர்வினையை நடத்திக் காட்டினார்கள். மைதானம் இருந்த இடத்தில் பிறகு பெரிய நூலகம் எழுந்தது. கால்பந்தும் 1969-ல் திரும்பி வந்தது. ஆனால் விளையாட்டுக்கென்று உதவித்தொகை இல்லாத பிரிவில்தான் அந்த அணி இன்று ஆடுகிறது.

இப்போது இதற்கு நேர் எதிரான இடம்: வட கரோலினா பல்கலைக்கழகம், சேப்பல் ஹில். 2014-ல் வெளியான வெய்ன்ஸ்டைன் விசாரணை அறிக்கை சொல்வது இது. 1993 முதல் 2011 வரை ஒரு துறையில் நடக்காத வகுப்புகள் பட்டியலில் இருந்தன. பருவ முடிவில் ஒரே ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அதற்கு மதிப்பெண் போட்டவர் பெரும்பாலும் ஆசிரியர்கூட இல்லை, துறை அலுவலக ஊழியர். 3,100-க்கு மேற்பட்ட மாணவர்கள் அப்படித் தேறினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் விளையாட்டு அணியினர். அந்த ஊழியர் 2009-ல் ஓய்வு பெற்றபோது, படிப்பு ஆலோசகர்கள் கால்பந்துப் பயிற்சியாளர்களைக் கூட்டி வைத்து, இனி அந்த வகுப்புகள் கிடைக்காது என்று எச்சரித்திருக்கிறார்கள். கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 2017-ல் இதற்குத் தண்டனை தரவில்லை. ஏன்? அந்த வகுப்பில் எந்த மாணவரும் சேரலாம், ஆகவே அது விளையாட்டு வீரருக்கான தனிச்சலுகை ஆகாது என்பது வாதம். மறுபடியும் அதே கேள்விதான், பேனா யார் கையில்?

முறைகேடே இல்லாத இடத்திலும் சிக்கல் உண்டு. என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில், அதாவது பெரிய அணிகள் ஆடும் பிரிவில், விளையாட்டுப் பருவத்தில் பயிற்சி வாரத்துக்கு 20 மணிநேரம்தான் என்பது விதி. ஆனால் பயண நேரம் அதில் சேராது, காயத்துக்கான சிகிச்சை சேராது. ஆட்ட நாள் முழுவதையும் மூன்று மணிநேரமாகவே எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை பேருந்து ஏறி ஞாயிறு விடியலில் வந்து இறங்குபவனுக்கு ஏட்டில் மூன்று மணி.

இன்னொரு விதி, படிக்க வைப்பதற்காகவே 2003-ல் வந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்தின் 40 சதவீதம், அடுத்து 60, பிறகு 80 முடித்திருக்க வேண்டும். 120 கிரெடிட் படிப்பு என்றால் 48, 72, 96. ஒரு மாணவி 60 கிரெடிட் வைத்திருக்கிறாள், பொறியியலுக்கு மாற ஆசைப்படுகிறாள் என்று வையுங்கள். புதிய துறை அதில் 40-ஐத்தான் ஏற்கும் என்றால் அவள் 48-க்குக் கீழே போய்விடுவாள், ஆடத் தகுதி போய்விடும். அதனால் பழைய துறையிலேயே இருந்துவிடுகிறாள். பிற்பகல் ஆய்வக வகுப்பும் பயிற்சியும் மோதினாலும் இதே கதை. நல்ல எண்ணத்தில் போட்ட விதி கடினமான படிப்பிலிருந்து பிள்ளைகளைத் தள்ளி வைக்கிறது. எனக்கு ஆற்றாமை தருவது இதுதான்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. 2025 ஜூலையிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை விளையாட்டு வருவாயில் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம் என்று வந்திருக்கிறது. ஹார்வர்ட், யேல் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்களின் கூட்டான ஐவி லீக் அதில் சேரவில்லை. அதை விரித்துப் பேச நினைத்திருந்தேன், முடியாது. டென்னிஸ், நீச்சல் உதவித்தொகையில் பிள்ளையை அனுப்பப் போகும் பெற்றோர் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அணியின் சென்ற நான்கு ஆண்டுப் பட்டதாரிகள் எந்தெந்தத் துறையில் படித்தார்கள் என்று பெயர் வாங்காமல் எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். ஆய்வக வகுப்பு பயிற்சியோடு மோதினால் எதை விட வேண்டும், அதை யார் முடிவு செய்வார் என்பதை எழுத்தில் கேளுங்கள். காயம் பட்டு ஆட முடியாமல் போனால் உதவித்தொகை தொடருமா என்பதையும் கேளுங்கள். வணக்கம்.