தென்னந்தோப்பு வீட்டுக்கு சாட்டிலைட் இணையம் வாங்கலாமா?

அடுத்த கேள்வி ஷார்ஜாவில் இருந்து. நம்ம ராமநாதபுரம் கடற்கரை, பெரியபட்டினம் பக்கத்து ஆள். தென்னந்தோப்புக்குள் வீடு கட்டியிருக்கிறார். வருடத்தில் இரண்டு தடவை லீவுக்கு வருவார், மற்ற நாளெல்லாம் வீடு பூட்டித்தான் கிடக்கும். "வீட்டுக்குள் போன் சிக்னல் ஒரு கோடுதான் வருகிறது. சிசிடிவி வைக்க வேண்டும், லீவை நீட்டி அங்கிருந்தே ஆபீஸ் வேலையும் பார்க்க வேண்டும். சாட்டிலைட் இணையம் வாங்கிவிடட்டுமா அண்ணே?" என்று கேட்கிறார்.

தம்பி, வாங்குவது இருக்கட்டும், முதலில் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். கான்கிரீட்டுக்குள் ஒரு கோடு காட்டும் போன் மாடியில் மூன்று கோடு காட்டலாம். அப்படிக் காட்டினால், சிம் போடும் 4ஜி ரவுட்டர் ஒன்று, மாடியில் டவரைப் பார்த்து ஒரு ஆன்டெனா, இவ்வளவில் உங்கள் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். எல்லாக் கம்பெனி சிம்மையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஊருக்குள் யார் வீட்டுக்காவது ஃபைபர் வந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். தோப்பு வரை கேபிள் இழுக்க ஆகும் செலவு ஒரு தடவைதான்.

இதெல்லாம் இல்லை என்றால்தான் சாட்டிலைட். அதிலும் இரண்டு வகை இருக்கிறது. பேங்க், பெட்ரோல் பங்க் மாடிகளில் பார்த்திருப்பீர்களே வி-சாட் டிஷ், அது பேசும் சாட்டிலைட் கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நீங்கள் கேட்பது மேலே போய்க் கீழே வர வேண்டும், பதிலும் அதேபோல் வர வேண்டும். ஒளி வேகத்தில் போனாலும் அரை நொடி ஆகிவிடும். பணம் அனுப்ப அது போதும். வீடியோ மீட்டிங்கில் நீங்கள் பேசி முடிக்கும் முன் மேனேஜர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். ஸ்டார்லிங்க், ஒன்வெப் போன்றவை தாழ்வாகச் சுற்றுபவை. ஸ்டார்லிங்க் ஏறத்தாழ 550 கிலோமீட்டர், ஒன்வெப் 1,200. இதில் அந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது.

ஆனால் தாழ்வாகச் சுற்றுவதால் அவை ஓடிக்கொண்டே இருக்கும். டிடிஎச் டிஷ்ஷுக்கு வானத்தில் ஒரே ஒரு இடம் தெரிந்தால் போதும். இதற்கு அகலமாகத் திறந்த வானம் வேண்டும். உங்களுக்கோ சுற்றிலும் தென்னை, வேலியோரம் பனை! மட்டை ஆடி மறைக்கும்போதெல்லாம் மீட்டிங் ஒரு விநாடி நிற்கும். அதோடு ஸ்டார்லிங்க் சாட்டிலைட்களில் பெரும்பாலானவை ஐரோப்பா, அமெரிக்கா இருக்கும் அட்சரேகைப் பக்கம்தான் நெருக்கமாக ஓடுகின்றன. நாம் இருப்பது 9 டிகிரி. நம் தலைக்கு மேல் கூட்டம் குறைவு, அதனால் ஒரு மரம் மறைத்தாலும் உறைக்கும். ஸ்டார்லிங்க் ஆப்பிலேயே கேமராவை வானத்துக்குக் காட்டி மறைப்பு எவ்வளவு என்று பார்க்கலாம். தென்னையை வெட்டிவிடாதீர்கள், மாடியில் ஒரு கம்பம் நட்டு உயர்த்துங்கள்.

கம்பம் என்றதும் ஞாபகம் வருகிறது. மண்டபம் ஊரில் மச்சான் வீட்டுக் கேமராவுக்கு சாதாரண இரும்பு போல்ட் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டே வருடத்தில் உப்புக்காற்றில் பொரிந்து, கேமரா தலைகீழாகத் தொங்கி மாட்டுத்தொட்டியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் கரண்ட். ஸ்டார்லிங்கின் பெரிய டிஷ் சராசரியாக 75 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் பெரும்பகுதியை ஆளில்லாத வீட்டில் டிஷ்ஷே தின்றுவிடும். 4ஜி ரவுட்டருக்கு 10 வாட் பக்கம்தான் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் டிடிஎச் படம் போவதுபோல இதுவும் கொஞ்ச நேரம் தடுமாறும். அதே நேரம் நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். புயலில் டவருக்குக் கரண்ட் போய் டீசலும் தீர்ந்தால் போன் செத்துவிடும். 2018 கஜாவில் வேதாரண்யம் பக்கம் அதைத்தான் பார்த்தோம். அன்றைக்கு இன்வெர்ட்டரில் ஓடும் டிஷ் ஒன்று இருந்தால் தெருவுக்கே உதவும்.

சிசிடிவிக்காக மட்டும் இதை வாங்காதீர்கள். கேமராவில் மெமரி கார்டு போட்டு, ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் போனுக்கு அனுப்பும்படி வைத்தால் சாதாரண 4ஜி சிம்மே போதும். 24 மணி நேரமும் நொடிக்கு 2 மெகாபிட் (Mbps) வேகத்தில் அனுப்பினால் ஒரு கேமராவே நாளைக்கு 21 ஜிபிக்கு மேல் தின்னும்.

ஒரு எச்சரிக்கை. அங்கேதான் மலிவு என்று வெளிநாட்டில் டிஷ் வாங்கிப் பெட்டியில் போட்டு எடுத்து வராதீர்கள். ஸ்டார்லிங்குக்கு இந்திய லைசென்ஸ் கிடைத்ததே 2025 ஜூனில்தான். இங்கே அனுமதியுள்ள இணைப்பாக, உங்கள் பெயரில், ஆவணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நம்முடையது இலங்கையைப் பார்த்த கடற்கரை, கேள்வி கேட்க வருபவர்கள் பல பேர் இருப்பார்கள். பதிவு செய்யும் முன் உங்கள் பின்கோடுக்குச் சேவை உண்டா, ஊரில் இல்லாத மாதங்களில் நிறுத்தி வைக்க முடியுமா என்று இரண்டையும் கேளுங்கள். நிறுத்த முடியாது என்றால் பத்து மாத வாடகை வீண்.

அடுத்த லீவில் மாடியில் நின்று ஒவ்வொரு சிம்முக்கும் ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். காலையில் ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று. இரவில்தான் ஊரே போனோடு உட்காரும். அதை கமெண்டில் போடுங்கள், எந்த ஆன்டெனா என்று நான் சொல்கிறேன்.