1986-இல் நின்றுபோன விலை

நடுவர் அவர்களே, அவையிலிருக்கும் உழவர் பெருமக்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

உலக வர்த்தக ஒப்பந்தங்களால் காவிரி டெல்டாவுக்கு லாபமா நட்டமா என்பது தலைப்பு. நட்டம்தான் என்பது எங்கள் கட்சி.

"ஒப்பந்தம் சந்தையைத் திறந்துவிட்டது, நம் அரிசி உலகமெல்லாம் போகிறது" என்றார் எதிரணித் தலைவர். போகிறது, மறுக்கவில்லை. ஆனால் 2023 ஜூலை 20-ஆம் தேதி பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு நம் அரசே தடை போட்டது. அது நீங்க 2024 செப்டம்பர் ஆயிற்று. உணவுத் தட்டுப்பாடு என்றால் அப்படித் தடை போட உலக வர்த்தக விதியே இடம் கொடுக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக மூடக்கூடிய கதவை நம்பி யார் நாற்று விடுவது?

டெல்டாவில் அறுத்த நெல்லுக்கு நம்பிக்கை அரசின் நேரடி கொள்முதல் நிலையம்தான். ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். ஐப்பசி மழையில் குறுவை நெல் களத்திலேயே முளைத்துவிடும். அத்தனை அவதியிலும் அங்கே காத்துக் கிடப்பது, குறைந்தபட்ச ஆதரவு விலை அங்கேதான் உறுதி என்பதால். ஒப்பந்தம் கை வைப்பதும் அந்த விலையில்தான்.

எப்படி என்று கணக்குப் போட்டே பார்ப்போம். 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தப்படி, ஒரு பயிருக்கு இந்தியா தரும் ஆதரவு அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆதரவை எதோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள்? 1986-88 ஆண்டுகளின் விலையோடு! அரிசிக்கு டன் 262.51 டாலர்.

2018-19-இல் நெல்லுக்கு ஆதரவு விலை குவிண்டால் 1,750 ரூபாய். நூறு கிலோ நெல்லுக்கு 67 கிலோ அரிசி என்று வைத்தால் ஒரு டன் அரிசி ஏறக்குறைய 26,100 ரூபாய். டாலர் 70 ரூபாய் கணக்கில் 373 டாலர். பழைய விலையைக் கழித்தால் மிச்சம் 110 டாலர். இதை அந்த ஆண்டு கொள்முதலான சுமார் 4.4 கோடி டன் அரிசியோடு பெருக்குங்கள், கிட்டத்தட்ட 500 கோடி டாலர் வரும். ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பிடம் இந்தியா அறிவித்த தொகையும் அதுதான். உற்பத்தி மதிப்பு 4,367 கோடி டாலர், ஆக 11 சதவீதத்துக்கு மேல். வரம்பு தாண்டியாயிற்று!

அந்த 110 டாலர் உழவருக்குக் கிடைத்த சலுகையா? முப்பது வருடத்தில் டீசலும் உரமும் ஆள் கூலியும் ஏறிய ஏற்றம் ஐயா அது! இதே ஒப்பந்தம், வரம்புக்கு மேலும் ஆதரவு தர அமெரிக்கா ஒன்றுக்கே ஆண்டுக்கு 1,910 கோடி டாலர் வரை தனி இடம் ஒதுக்கியிருக்கிறது. நமக்கு அந்த வரிசையில் சுழியம்.

பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தேங்காயெண்ணெய்க்குப் போட்டி இறக்குமதியாகும் பாமாயில். கச்சா பாமாயிலுக்கு 300 சதவீதம் வரை வரி போட நமக்கு உரிமை இருந்தது. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு போட்டு 2010-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் அந்த நாடுகளுக்கு அதை 37.5 சதவீதத்துக்கு இறக்கியது. அதற்கும் கீழே வரியைக் குறைத்தது நம் அரசின் முடிவு. அந்தப் பழியை ஒப்பந்தத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

"அதுதான் சமாதானப் பிரிவு இருக்கிறதே" என்பார்கள். 2013 டிசம்பரில் பாலியில் நடந்த உலக வர்த்தக அமைப்பு மாநாட்டில் கிடைத்தது. வரம்பு தாண்டினாலும் வழக்குப் போட மாட்டோம் என்று மற்ற நாடுகள் தந்த வாக்குறுதி, அவ்வளவுதான். நிரந்தரத் தீர்வு 2017 மாநாட்டுக்குள் என்றார்கள், வரவில்லை. அந்தப் பிரிவும் பாலி முடிவு வந்த நாளில் நடப்பில் இருந்த திட்டங்களுக்கு மட்டும்தான். சம்பா, தாளடி அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் ஈரம் காயாத வயலில் உளுந்து தெளிக்கிறோமே, அதையும் நெல்லைப் போல ஊருக்கு ஊர் நிலையம் திறந்து எடுக்க நாளைக்குப் புதுத் திட்டம் போட்டால் இந்தப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. உளுந்துக்கு என்ன வழி என்று அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் சொல்லிவிட்டு உட்காரட்டும்.