கொடுப்பு வலித்தால் உடனே பல்லைப் பிடுங்க வேண்டாம்: தாடை மூட்டு வலியும் பல் நெருமுதலும்

(திரையில்: கண்ணாடி முன் ஒரு பெண். இரண்டு காதுக்கும் முன்னால் சுட்டுவிரலை வைத்திருக்கிறார்.)

வணக்கம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீங்களும் இதைச் செய்யுங்கள். காதுத் துளைக்கு ஒரு விரல் அகலம் முன்னால் சுட்டுவிரலை மெல்ல வையுங்கள். இப்போது வாயை அகலத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருண்டு முன்னுக்குப் போய்த் திரும்பி வருகிறதா? அதுதான் தாடை மூட்டு. கதைக்க, சாப்பிட, கொட்டாவி விட என்று நாள் முழுக்க வேலை செய்யும் மூட்டு. ஆனால் அது வலிக்கும்போது நாம் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறோம். காதுக்கு மருந்து விடுகிறோம், தலையிடிக்குப் பனடோல் போடுகிறோம், கடைசியில் கொடுப்புப் பல்லைப் பிடுங்கச் சொல்லி வந்து நிற்கிறோம்.

நான் வன்னியில் பல் வைத்தியம் பார்க்கிறேன். புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கதிரையில் இருந்ததுமே, "டொக்டர், இந்தக் கொடுப்புப் பல்லை இண்டைக்கு எப்பிடியாவது பிடுங்கிவிடுங்கோ, இரவில நித்திரையில்லை" என்றார். அதே பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு பற்கள் இல்லை. இதே வலிக்காக வேறு இடங்களில் பிடுங்கியவை. பல் போனது, வலி போகவில்லை.

அவர் காட்டிய பல்லைத் தட்டிப் பார்த்தேன், நோகவில்லை. சொத்தை இல்லை. முரசில் வீக்கமும் இல்லை. ஆனால் பற்களின் மேற்பகுதி அம்மியில் தேய்த்த மாதிரித் தட்டையாக இருந்தது. கன்னத்தின் உட்பக்கத்தில் பற்கள் சந்திக்கும் உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த அடையாளங்கள். பிறகு வெளியிலிருந்து, கன்னத்தில் தாடை எலும்புக்கு மேலே இருக்கும் தசையை இரண்டு விரலால் அழுத்தினேன். தலையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "அதுதான் டொக்டர், அந்த வலிதான்!"

அந்த வலி பல்லில் பிறக்கவில்லை, தசையில் பிறந்தது. மூன்றாவது பல்லையும் பிடுங்கியிருந்தால் அது நல்ல பல்லாகவே போயிருக்கும். இந்த வீடியோவைச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அந்த அம்மாவால்தான்.

(திரையில்: தாடை மூட்டின் படம், மெதுவாக அசைகிறது.)

சரி, மூட்டுக்குள் என்ன நடக்கிறது? கீழ்த்தாடையின் இரண்டு முனையும் உருண்டை வடிவம். மண்டையோட்டில், காதுக்கு முன்னால் இருக்கும் ஒரு குழியில் அவை இருக்கின்றன. எலும்போடு எலும்பு உரசாதபடி நடுவில் மெல்லிய, வழுவழுப்பான ஒரு சவ்வுத் தட்டு. வாயைக் கொஞ்சம் திறக்கும்போது உருண்டை அதே இடத்தில் சுழலும். அகலத் திறக்கும்போது தட்டையும் சேர்த்துக்கொண்டு முன்னுக்கு வழுக்கும். முழங்கை போன்ற மூட்டுகளில் இந்த வழுக்கல் இல்லை.

அந்தத் தட்டு இடம் விலகியிருந்தால் வாய் திறக்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும். இதற்குப் பலர் பயப்படுகிறார்கள். வலி இல்லை, வாய் நன்றாகத் திறக்கிறது, சத்தம் மட்டும்தான் என்றால் வைத்தியமே தேவையில்லை. சத்தத்தோடு வலியும் வந்தால், அல்லது வாய் பாதியில் நின்றுவிட்டால் காட்ட வேண்டும். வீட்டிலேயே பார்க்க எளிய வழி: உங்களுடைய மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையில் வையுங்கள். மூன்றும் போனால் வாய் போதுமான அளவு திறக்கிறது.

அடுத்து, பல் நெருமுதல். இதில் இரண்டு வகை உண்டு. நித்திரையில் நறநறவென்று நெருமுவது ஒன்று. பெரியவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. சத்தத்தை நாம் கேட்பதில்லை, பக்கத்தில் படுப்பவர்தான் கேட்பார். ஆகவே இதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கணவனிடமோ மனைவியிடமோ கேளுங்கள். காலையில் எழும்பும்போது தாடை இறுகியிருப்பது, நெற்றிப்பொட்டில் தலையிடி, குளிர்ந்த தண்ணீர் குடிக்கும்போது பல் கூசுவது, இவையும் அடையாளங்கள்.

மற்றது, விழித்திருக்கும்போது பல்லை இறுக்கிப் பிடிப்பது. இதில் சத்தமே வராது. ஆடைத் தொழிற்சாலையில் ஊசி முனையையே பார்த்தபடி தைக்கும் பிள்ளை, குண்டும் குழியுமான பாதையில் உழவு இயந்திரம் ஓட்டும் தம்பி, நுண்கடன் கிழமைத் தவணைக்குக் காசு எண்ணிக்கொண்டிருக்கும் அக்கா, எல்லாருக்கும் பல் தானாகவே இறுகும். என் அனுபவத்தில் இங்கே அதிகம் தொல்லை கொடுப்பது இதுதான். நம் வாயில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட வேண்டிய நேரம், சாப்பாடும் விழுங்குதலும் சேர்த்தே, ஒரு நாளில் அரை மணித்தியாலம் கூட இல்லை. மற்ற நேரமெல்லாம் இடைவெளி இருக்க வேண்டும். இப்போது உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஏன் நெருமுகிறோம்? பல் வரிசை சரியில்லாததால்தான் என்று முன்பு நினைத்தார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. நித்திரையில் மூளை சில நொடிகள் அரைவிழிப்புக்கு வரும், அந்த நேரத்தில் தாடைத் தசைகள் இயங்குகின்றன. மன அழுத்தமும் பதற்றமும் அதைக் கூட்டும். சாராயம், புகைத்தல், இரவில் குடிக்கும் கடும் கோப்பி, தேத்தண்ணி, இவையும் கூட்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, தந்த டொக்டரிடம் சொல்லுங்கள். பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்றை நான் சொல்லாமல் போக முடியாது. போர் முடிந்த 2009ஐக் கடந்து வந்த வீடுகள் இவை. காணாமல் போனவரை இன்னும் தேடுகிற வீடுகள். பயங்கரத்தைக் கண்டவர்களுக்குத் தாடை வலியும் பல் நெருமுதலும் கூடுதலாக இருப்பது உலகம் முழுவதும் கண்டறியப்பட்ட விஷயம். நித்திரை குழம்புகிறது, கனவில் திடுக்கிட்டு எழும்புகிறேன் என்று ஒருவர் சொன்னால் நான் தாடையோடு நிறுத்துவதில்லை, மனநலப் பிரிவுக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பேன். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பிள்ளைகள் நெருமினால் வயிற்றில் பூச்சி என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பூச்சி மருந்து காலத்துக்குக் காலம் கொடுப்பது நல்லதுதான், ஆனால் நெருமுதலுக்குப் பூச்சிதான் காரணம் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. பிள்ளைகளில் இது பரவலாக உண்டு, பெரும்பாலும் வளர வளரத் தானாகப் போய்விடும். பிள்ளை குறட்டை விட்டால், வாயால் மூச்சு விட்டால் மட்டும் கட்டாயம் காட்டுங்கள்.

(திரையில்: சுடுதண்ணீர்ப் பாத்திரம், துவாய், ஒரு கோப்பை கஞ்சி.)

இனி வைத்தியம். பெரும்பாலானவர்களுக்கு எளிய வழிகளிலேயே சில கிழமைகளில் தொடங்கிச் சில மாதங்களில் குணம் வருகிறது. முதல் வைத்தியம், தாடைக்கு ஓய்வு. கை முறிந்தால் தூக்குப் போட்டுக் கட்டி வைப்போம், தாடையைக் கட்டி வைக்க முடியாது, ஆகவே அதன் வேலையைக் குறைக்கிறோம். இரண்டு கிழமைக்குப் புழுக்கொடியல் வேண்டாம். இது வன்னியில் சொல்லக் கடினமான அறிவுரை, எனக்குத் தெரியும். ஆனால் காய்ந்த புழுக்கொடியலை ஒரு பக்கக் கொடுப்பில் வைத்து அரை மணித்தியாலம் ஊறவிட்டுக் கடிப்பது நொந்த மூட்டுக்குப் பெரிய தண்டனை. முறுக்கு, வறுத்த கச்சான், சுவிங்கம், வெற்றிலை பாக்கு, இவையும் அப்படியே. இடியப்பமும் சொதியும், குழைந்த சோறு, கஞ்சி, மீன் போதும். கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ளுங்கள்.

ஒத்தணம் நல்லது. துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தோல் சுடாத சூட்டில், கன்னத்தில் கால் மணித்தியாலம். காலையும் இரவும்.

அதைவிடப் பெரிய மருந்து ஒன்று இருக்கிறது, காசே இல்லை: உதடு மூடி, பல் விலகி, நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில். 'ன' என்று சொல்லப் போகிற மாதிரி. இதுதான் தாடை ஓய்வெடுக்கும் நிலை. ஆனால் மறந்துபோவோம். ஆகவே அடிக்கடி கண்படும் இடத்தில், தையல் மெஷினிலோ மோட்டார் சைக்கிள் டாங்கியிலோ போனின் பின்புறத்திலோ, ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அதைக் காணும் ஒவ்வொரு முறையும் பல்லை விலக்குங்கள். அந்த அம்மா சோற்றுப் பானை மூடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தார்.

வலி மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. ஐபுபுரோபன், டைக்லோபினாக் போன்றவை இந்த வலிக்குக் கேட்கும்தான். ஆனால் வவுனியாப் பக்கத்திலும் அதை ஒட்டிய கிராமங்களிலும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் உள்ளவர்கள் பலர். சிறுநீரகப் பழுது, வயிற்றுப்புண் உள்ளவர்கள் இவற்றைக் கடையில் வாங்கிப் போடவே கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்குவாக இருக்கலாம், அப்போதும் கூடாது. பனடோல் பரவாயில்லை, அளவோடு.

(திரையில்: வாயச்சுத் தட்டு, நீலப் பசை, சிவப்பு நிறக் கடதாசி.)

நித்திரையில் நெருமுபவர்களுக்கு, இரவில் பல்லின்மேல் மாட்டிக்கொள்ளும் இரவுத் தட்டு செய்து கொடுப்போம். முதலில் குழைத்த பசையை ஒரு தட்டில் வைத்து வாய்க்குள் அழுத்தி அச்செடுப்போம். சில நிமிடங்களில் இறுகிவிடும். ஓங்காளம் வருகிறதென்றால் தலையை முன்னுக்குச் சாய்த்து மூக்கால் மூச்சு விடுங்கள். அந்த அச்சில் சாந்து வார்த்து, அதன்மேல் கண்ணாடி போலத் தெளிந்த, கடினமான பிளாஸ்டிக்கில் தட்டைச் செய்வார்கள். போடும் நாளில்தான் உண்மையான வேலை. நிறக் கடதாசியைக் கடிக்கச் சொல்லி, எங்கே அழுந்துகிறது என்று பார்த்துச் சிறிது சிறிதாகத் தேய்ப்போம். எல்லாப் பல்லும் ஒரே அளவில் தொடும்வரை விட மாட்டோம்.

தட்டு நெருமுதலை நிறுத்துமா? பெரும்பாலும் இல்லை. பல்லைக் காக்கும், தசைக்கும் மூட்டுக்கும் சுமையைக் குறைக்கும். அந்த அம்மா ஒரு மாதம் கழித்து வந்தபோது தட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். இரண்டு பக்கமும் பிறை போலப் பள்ளம். "இது உங்கட பல்லில விழவேண்டிய பள்ளம், அம்மா" என்றேன். தட்டை வாங்கி, விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இணையத்தில் விற்கும், சுடுதண்ணீரில் போட்டுக் கடித்து எடுக்கும் மென்மையான தட்டுகளைப் பற்றிக் கேட்கிறார்கள். மாதக்கணக்கில் போட்டால் கடி மாறிவிடக்கூடும். அதேபோல, கடியைச் சரியாக்குகிறேன் என்று நல்ல பற்களைத் தேய்க்க யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். தேய்த்த பல் திரும்ப வளராது. மூட்டுக்குள் கழுவுவதும் ஊசி போடுவதும் மிகச் சிலருக்குத்தான், சத்திர சிகிச்சை அதிலும் அரிது. அவற்றுக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற பெரிய இடத்துக்கு அனுப்புவோம்.

இனி, காத்திருக்கக் கூடாதவை. தாடை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு முட்டல் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம், உடனே 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கொட்டாவிக்குப் பிறகு வாய் மூடாமல் நின்றால் வீட்டில் தட்டி அடைக்கப் பார்க்காதீர்கள். முகம் வீங்கிக் காய்ச்சலோடு வாய் திறக்க முடியாவிட்டால் அது கிருமித் தொற்று. காலில் ஆணி குத்திச் சில நாட்களில் வாய் பூட்டிக்கொண்டால் ஏற்புவலி (டெட்டனஸ்). ஐம்பது வயது தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டு வலி, மெல்லும்போது தாடை வலி, கண் மங்கல் என்று வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும், பார்வை போய்விடலாம். வெற்றிலை பாக்குப் போடுபவருக்குக் காரம் பட்டால் வாய் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளிறி, வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கினால் அது மூட்டு நோயே இல்லை. பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய வேறொரு நிலை. பாக்கை அன்றே நிறுத்திவிட்டு வாருங்கள்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் பல் சிகிச்சைப் பிரிவு உண்டு, அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் காசு இல்லை. வரும்போது குடிக்கும் மாத்திரைகளின் உறைகளைக் கொண்டுவாருங்கள். முகத்தில் எப்போதாவது அடிபட்டிருந்தால் சொல்லுங்கள், பழைய முறிவு பல வருடம் கழித்தும் மூட்டில் தெரியும். உடம்பில் எங்கேயாவது செல் (எறிகணை) துண்டு இருந்தால், எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லும்போது கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அந்தக் காந்தம் இரும்பை இழுக்கும். ஏற்கெனவே தட்டு செய்திருந்தால் அதையும் மூடியுள்ள டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு எடுத்து வாருங்கள். வெயிலில் வைத்தாலும் சுடுதண்ணீரில் கழுவினாலும் அது வளைந்துவிடும்.