வெப்பம் கேட்காத எஞ்சின்

நண்பர்களே, எஞ்சின் என்றாலே சூடுதான். 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ போட்டுக் கொடுத்த கணக்கும் அதுவே: சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் போகும், போகிற வழியில் அதனிடம் வேலை வாங்கிக்கொள்ளலாம். நான் பேச வந்த எஞ்சினில் இந்தக் கொடுக்கல் வாங்கலே கிடையாது. ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் நகரில் ஆர்ட்டர் வைடெராவின் குழு அதை ஓட்டிக் காட்டியது. ஜப்பானின் ஒகினாவாவில் இருக்கும் தாமஸ் புஷ் போன்றவர்கள் கோட்பாட்டுக்குத் துணை நின்றார்கள். ஆய்வு 2023-இல் வெளிவந்தது.

அதற்குக் குளிர் வேண்டும். சாதாரணக் குளிர் போதாது. 1908-இல் நெதர்லாந்தின் லைடனில் இயற்பியலாளர் காமர்லிங் ஓனஸ் ஹீலியத்தைத் திரவமாக்கியபோது எட்டியது தனிச்சுழிக்கு, அதாவது குளிரின் கடைசி எல்லைக்கு, மேல் ஏறத்தாழ 4 கெல்வின். இங்கே தேவைப்படுவது ஒரு கெல்வினில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. முதலில் லேசர் ஒளியால் அணுக்களின் வேகத்தை அடக்குகிறார்கள். பிறகு, துள்ளுகிற அணுக்களைத் தப்பவிட்டு, அடங்கியவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

எஞ்சினுக்குள் வேலை செய்வது லித்தியம்-6 அணுக்களின் கூட்டம். ஓர் அணுவின் உள்ளே எண்ணிப் பாருங்கள்: புரோட்டான் 3, நியூட்ரான் 3, எலக்ட்ரான் 3. மொத்தம் 9, ஒற்றைப்படை. இப்படி ஒற்றைப்படையாக வந்தால் அது ஃபெர்மியான் என்ற வகை. ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு ஃபெர்மியான்கள் இருக்கக் கூடாது என்பது இயற்பியலாளர் பவுலியின் விதி. பந்தியில் இலைக்கு ஒருவர் என்பதுபோல, கீழ்நிலைகள் நிரம்பிவிட்டால் அடுத்து வருவது மேலே போய்த்தான் உட்கார வேண்டும். இரண்டு அணுக்கள் சேர்ந்து மூலக்கூறாகிவிட்டாலோ கூட்டுத்தொகை 18, இரட்டைப்படை. அது போஸான் என்ற வகை. போஸான்கள் எத்தனை வேண்டுமானாலும் கீழ்நிலையிலேயே குவியும்.

இந்தக் குணமாற்றத்துக்கான திறவுகோல் காந்தப்புலம். போஸான்களாக இருக்கும்போது, அணுக்களை அடைத்து வைத்திருக்கும், லேசரால் ஆன கண்ணிப் பொறியை இறுக்கி அமுக்குகிறார்கள். பிறகு காந்தப்புலத்தை 832 காஸ் (காந்தப்புலத்தின் அலகு) அருகே கொண்டுபோனால் பிணைப்பு தளர்ந்து ஃபெர்மியான் குணம் தலைதூக்குகிறது. அணுக்கள் மேல்நிலைகளுக்கு ஏறுகின்றன, அழுத்தம் கூடுகிறது. அப்போது பொறியைத் தளர்த்தினால், அமுக்கச் செலவிட்டதைவிட அதிக வேலை திரும்பக் கிடைக்கிறது. காந்தப்புலத்தைப் பழையபடி குறைத்தால் மறுபடி போஸான்கள்; ஒரு சுற்று முடிந்தது. அதிகபட்சச் செயல்திறன் சுமார் 25 சதவீதம்.

இதை வைத்து மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா? முடியாது. லேசரும் காந்தச் சுருளும் வெற்றிடப் பம்பும் தின்னும் மின்சாரத்தின் முன் இந்த வரவு தூசுக்குச் சமம். அணுக்கூட்டம் தள்ளுவதும் லேசர் ஒளியைத்தான். அந்த வேலையை வெளியே எடுத்து வேறொன்றை இயக்க வழி காண்பதுதான் இனி உள்ள வேலை.