பரணில் தூங்கும் பிள்ளை

(மும்பை தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். கரகரப்பது மைக்தான், என் நெஞ்சு இல்லை.

ஐந்து வயதுப் பையன் ஒருவன். மழைக்காலம் முழுக்க வீசிங். பகலில் சந்தெல்லாம் ஓடுவான், ராத்திரி இரண்டு மணிக்கு இழுப்பு வந்துவிடும். “ஐஸ் தின்னுகிறான் டாக்டர்” என்பார் அம்மா. மருந்தை மாற்றிப் பார்த்தேன், சரியாகவில்லை. அப்புறம் வீட்டுக்கே போனேன். நம்ம வீடு மாதிரிதான்: பத்துக்குப் பத்து, ஒரே ஜன்னல், மேலே பரண். கீழே இடம் போதாது என்று பிள்ளைகளுக்குப் பரணில் படுக்கை. ஏணியில் ஏறித் தலையை நீட்டினேன். தகரக் கூரை கைக்கெட்டும் உயரம். தடவினால் விரலில் கறுப்பாகப் பிசுபிசுப்பு. சுவரெல்லாம் ஓதம், மூலையில் பூஞ்சை. அதுவும் இழுப்பைக் கிளப்பும்.

கீழே கொளுத்தும் கொசுவத்திப் புகை எங்கே போகும்? மேலேதான். அம்மாவுக்கு இட்லி வியாபாரம், விடிவதற்கு முன்பே வடைச்சட்டி காயும். அந்தப் புகையும் பரணுக்குத்தான். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடுகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வீட்டில் யாரும் பீடி தொடுவதில்லை என்று அந்த அம்மாவுக்கு அவ்வளவு பெருமை!

இந்தத் துகள் தலைமுடித் தடிமனில் சுமார் இருபதில் ஒரு பங்கு. மூக்கில் நிற்காது, நுரையீரலின் காற்றுப் பைகள் வரை போய்விடும். பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம், கைக்குழந்தை 30 முதல் 60 தடவை. பிள்ளையின் மூச்சுக்குழலும் குறுகல். உள்ளே கொஞ்சம் வீங்கினாலே விசில் கேட்கும்.

பெரியவர்களும் தப்பவில்லை. ஊரில் காலமெல்லாம் விறகடுப்பு ஊதிவிட்டு, இங்கே வந்து நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் பாட்டிகளைப் பார்க்கிறேன். 2020இல் வீட்டுப் புகையால் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 2,37,000 பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

கேஸ்தான் வந்துவிட்டதே என்பீர்கள். நல்லதுதான், விறகுப் புகைக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் வெந்நீருக்கு மட்டும் பழைய பிளைவுட் துண்டை எரிக்கிறோமே, அதிலுள்ள பசையும் சேர்ந்துதான் எரிகிறது. எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து வேண்டாம், நம் சந்து நாலடிதான். இன்னொன்று, இழுப்புக்கு வாயில் வைத்து மருந்தை உறிஞ்சுகிற பம்ப் (இன்ஹேலர்) போட்டால் பழக்கமாகிவிடும் என்று பாதியில் நிறுத்தாதீர்கள். அப்படி எதுவும் ஆகாது.

கொசுவத்தியை நிறுத்தச் சொன்னதும் பையனின் அப்பா சண்டைக்கே வந்துவிட்டார். “டெங்கு வந்தால் நீங்களா பார்ப்பீர்கள்?” நியாயமான கேள்வி. கொசுவலை கட்டுங்கள் என்றேன், காதில் வாங்கவில்லை. சரி, நீங்கள் பரணில் படுங்கள், பையன் கீழே கதவோரம் படுக்கட்டும் என்றேன். ஒப்புக்கொண்டார். நாலாம் நாள் கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றார்.

“டாக்டர், அந்தக் கொசுவலை எந்தக் கடையில் கிடைக்கும்?”